வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரு நாய்

என் கணவரின் அண்ணனுக்கு நாய்களைப் பற்றி எல்லாம் தெரியும். அவருக்கு எதைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மழை என்றைக்கு வரும், ஆலையில் கரும்பு வெட்ட உத்தரவு எப்போது கொடுப்பார்கள், எந்த மந்திரியின் பதவி அடுத்துப் போகும் என்பதையெல்லாம் கச்சிராயபாளையம் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சொல்லுவார். அவர் சொன்னதில் ஒன்றாவது நடந்து நான் பார்த்ததில்லை. நடக்காததைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டும் நான் பார்த்ததில்லை. முப்பது காணி நிலம் வைத்திருப்பவன் மாதிரி பேசினால் போதும், ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

நான் களமருதூரிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. என் கணவர் அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய பங்கையும் சேர்த்து அண்ணனே பேசிவிடுவதால் அவருக்குத் தேவைப்படவில்லை. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. அக்கா நல்லவள். அவள் செய்த ஒரே தப்பு யாரோ பார்த்துவைத்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டியது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கூட்டமும் ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருடங்கள் அவை. டீக்கடையில் அந்தப் பேச்சு இல்லாத நேரத்தில் பன்றிப் பேச்சு இருக்கும். மலையடிவாரம் என்பதால் கல்வராயன் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து கரும்பை மென்று துப்பிவிட்டுப் போகும். அதனால் ஒரு நாய் வாங்குவது என்று மாமா முடிவு செய்தார். சும்மா காவலுக்கு ஒரு நாய் என்றால் அவர் கௌரவத்துக்குப் போதாது. வேட்டை நாயாக இருக்கவேண்டும். பன்றியை மடக்கவேண்டும். சட்டம் என்ன சொன்னாலும் வாரம் ஒரு முயல் பிடித்துத் தரவேண்டும். அதே நேரத்தில் வீட்டில் குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கவேண்டும்.

"கிராஸ் நாயிதான் வாங்கணும்" என்றார் சாப்பிடும்போது. "சுத்த ஜாதி நாய்க்கு மூளை கம்மி. நாட்டு நாய்க்கு தைரியம் கம்மி. ரெண்டையும் கலந்தா ரெண்டும் ஜாஸ்தியாவும்."

ரெண்டும் கம்மியாகவும் ஆகலாம் என்று எனக்குத் தோன்றியது. குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் நாய் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தது. லாரிகள் நிற்கிற ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் விற்றது. அல்சேஷன் கிராஸ், அதன் அப்பன் போலீஸ் நாய் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். போலீஸ் நாய்க்கு லாரி ஸ்டாண்டு சாப்பாட்டுக் கடையில் என்ன வேலை என்று மாமா கேட்கவில்லை. காது விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், கால் நகத்தை எண்ணினார், வாங்கிவிட்டார். அந்த நாய் இரண்டு நாள் எங்கள் வீட்டுக் கோழிகளை வேட்டையாடியது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கடித்துக் கொன்றது. அது சாப்பிடும்போது என் மகள் பக்கத்தில் போனாள். அவளுக்கு அப்போது நாலு வயது. நாய் தலையை நிமிர்த்தவில்லை, தட்டின் மேலேயே மூக்கை வைத்துக்கொண்டு தொண்டைக்குள் உறுமியது, உடம்பு கட்டை மாதிரி நின்றுவிட்டது. எங்கள் அப்பா வீட்டில் எலிக்கும் முயலுக்கும் நாய் வளர்த்ததால் எனக்கு அந்த நிலை தெரியும். மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த நாய் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நாயை உளுந்தூர்பேட்டைக்கே திருப்பிக் கொண்டுபோனார்.

"நாய்க்கு ரோஷம் இருக்கணும்தானே" என்றார் மாமா. "ரோஷம் இல்லாத நாயி இன்னாத்துக்கு?"

அடுத்தது வெள்ளை நாய். ராஜபாளையம் கிராஸ். பார்க்க உண்மையிலேயே அழகு, மூக்கு இளஞ்சிவப்பு. மாமா அதை டீக்கடைக்கு இட்டுக்கொண்டுபோய் ஊரெல்லாம் காட்டினார். கூப்பிட்டால் மட்டும் வராது. விசில் அடித்தாலும் திரும்பாது.

"ராஜ ரத்தம். கூப்ட்ட வொடனே ஓடியாறதுக்கு அது இன்னா தெரு நாயா?" என்று விளக்கம் சொன்னார்.

நான் ஒருநாள் அது முதுகைக் காட்டிப் படுத்திருந்தபோது பின்னால் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அக்கா அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்தாள். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"மாமா, இதுக்குக் காது கேக்கலிங்க" என்றேன்.

அவர் என்னையும் தாம்பாளத்தையும் பார்த்தார். "சத்தத்துக்குப் பயப்படாத நாயி" என்றார். பிறகு மூன்று மாதம் அந்தச் செவிட்டு நாய்க்குத் தினமும் காலையில் வாய் வலிக்க வலிக்கப் பயிற்சி கொடுத்தார். அந்த நாயை நான் வெறுக்கவில்லை. பாவம், அது படுத்திருந்தது. பன்றிகள் பக்கத்தில் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. கடைசியில் மாமாவே அலுத்துப்போய், டீக்கடையில் அதன் அழகைப் புகழ்ந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். காது விஷயத்தை அவரிடம் சொன்னாரா என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது தடவை வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டில் கிராஸ் குட்டிகள் இருப்பதாகச் செய்தி வந்தது. தாய் மலை நாய், தகப்பன் மலையில் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் ராஜபாளையம். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த தபா நீயும் போ. இல்லன்னா குருட்டு நாயி ஒன்னு எட்தாருவாரு" என்றாள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வளைவுகளில் ஏற ஏற மாமா பின்சீட்டில் இருந்தவருக்கு நாய் வளர்ப்பு பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஆள் தான் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டதாக எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த வீட்டில் இரண்டு ஈற்று நாய்கள் இருந்தன. புதிய ஈற்றில் குட்டிகள், பழைய ஈற்றில் ஒரே ஒரு வளர்ந்த பெட்டை. மாமா நேராகக் குட்டிகளிடம் போனார். இருப்பதிலேயே பெரிய கடுவன் குட்டியைப் பிடறியில் பிடித்து அந்தரத்தில் தூக்கினார். அப்படித் தூக்கினால் கத்தாத குட்டிதான் வீரக் குட்டி என்பது அவர் சாஸ்திரம். அது கத்தவில்லை. வளைந்து அவர் கட்டைவிரலைக் கடித்தது.

"பாத்தியா, பாத்தியா" என்று சந்தோஷப்பட்டார். "வீரம்." இன்னொரு முறை தூக்கினார். அது அதே விரலில் அதே இடத்தில் கடித்தது. இந்த முறை அவர் சந்தோஷப்படவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

நான் தாயைத்தான் முதலில் பார்த்தேன். குட்டி நாளைக்கு எப்படி ஆகும் என்பது யாருக்கும் தெரியாது, தாய் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அது எங்களைப் பார்த்து இரண்டு தடவை குரைத்தது, வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை சொன்னதும் நிறுத்திவிட்டு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அந்த வளர்ந்த பெட்டையைப் பார்த்தேன். சாம்பலும் கருப்புமாகக் கோடு விழுந்த உடம்பு, ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி. வீட்டுக்கார அம்மாவிடம் கொஞ்சம் கேப்பைக் களி வாங்கி வைத்தேன். அது தின்னும்போது அவர்களைக் கேட்டுக்கொண்டு என் கையைத் தட்டில் வைத்தேன். என் கையைச் சுற்றித் தின்றது. தட்டை எடுத்தேன், உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. ஒரு தேங்காய் மட்டையைச் சரிவில் வீசினேன். அம்பு மாதிரி போனது. பாதி தூரத்தில் அதைக் கூப்பிடும்படி அந்த அம்மாவிடம் சொன்னேன். கூப்பிட்டதும் நின்றது, திரும்பியது, வந்தது. ஓடுகிற வேகம் எல்லா நாய்க்கும் இருக்கும். நிற்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். துரத்துகிற வெறியில் இருக்கும்போது சொல் காதில் ஏறுகிற நாய்தான் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகும். அதன் பிறகுதான் மகளைப் பக்கத்தில் விட்டேன், அதுவும் என் கையை அதன் கழுத்துப் பட்டையின் மேல் வைத்துக்கொண்டு. அது அவள் காதை நக்கியது.

"பொட்ட நாயா?" என்றார் மாமா கல்லின் மேலிருந்து. "மூஞ்சியப் பாரு, அடுப்பு சாம்பல்ல பொரண்டா மாதிரி. இத இட்டுகினு டீக்கடைப் பக்கம் போவ முடியுமா?"

"டீக்கடைக்குப் பன்னி வர்றதில்லீங்க மாமா" என்றேன்.

கட்டைவிரல் வீங்க ஆரம்பித்திருந்ததால் அவர் அதிகம் வாதாடவில்லை.

அந்தப் பெட்டையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடிய ஜீவன் அது ஒன்றுதான். பன்றி வந்தால் மேலே பாயாது, சுற்றிச் சுற்றி நின்று குரைத்து ஆள் வரும்வரை விடாது. முயல் பிடித்துக் கொண்டுவந்தால் மாமாவிடம் போகாமல் அக்காவின் காலடியில் போடும். பிள்ளைகளுக்கு அதனிடம் ஒரு விளையாட்டு இருந்தது. கரும்புக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அது மோந்துகொண்டு போய்க் கண்டுபிடித்து, எதிரில் நின்று வாலை ஆட்டிக்கொண்டு மூன்று நான்கு முறை குரைக்கும். பன்றிக்குக் குரைக்கிற குரல் வேறு, இந்தக் குரல் வேறு. அடுப்படியிலிருந்தே எங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மறியல் வந்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டார்கள். டவுன் பஸ் நின்றது, உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன என்று சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து போய்ச் சாலையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருவர் கோடாலியோடு போனார்.

மாமாவும் போவதாகத்தான் இருந்தது. ஒரு மாதமாக டீக்கடையில் ரத்தம் சிந்தத் தயாராக இருந்தார். அன்று காலையில் அவருக்கு வயிற்று வலி வந்துவிட்டது. மறியல் நடந்த அத்தனை நாளும் கழனி மோட்டார் கொட்டாயில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மோரும் கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வலிக்கிறவர் சாப்பிடுகிற அளவாக அது இல்லை. ரேடியோவில் செய்தி வரும்போது மட்டும் எழுந்து உட்காருவார்.

எல்லாம் அடங்கிப் பஸ் ஓட ஆரம்பித்ததும் வலி நின்றது. டீக்கடைக்குப் போனார். அந்தப் பெரிய புளியமரத்தை யார் சாய்த்தது என்று பேச்சு வந்திருக்கிறது. "நாந்தான். ஒத்த ஆளா வெட்னேன்" என்றாராம். கையைக் காட்டியிருக்கிறார். குட்டி கடித்த தழும்பு இருந்த கட்டைவிரலைத்தான் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டீக்கடையில் பேசுவது டீக்கடையோடு நிற்காது. ஒருநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது. மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் பல்பொடி நுரையோடு, கொல்லைப்புறம் தாண்டி, கரும்புக்குள் புகுந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும்.

இரண்டு பேர் இறங்கினார்கள். வயதான ஏட்டு ஒருவர் மரியாதையாகவே கேட்டார். "வூட்டுக்காரரு அண்ணன் எங்கம்மா?"

"தெரியாதுங்க. காலையிலேர்ந்து காணமுங்க" என்றேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் படுத்திருந்தது. அது எழுந்து சோம்பல் முறித்து, கரும்பைப் பார்த்தது. வீட்டு ஆள் ஒருவர் ஓடிப்போய்க் கரும்பில் ஒளிந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஆசையாகக் கிளம்பியது. நான் கூப்பிட்டால் நின்றிருக்கும். அதட்டிக் கூப்பிட்டால் ஏட்டுக்குச் சந்தேகம் வருமே என்று ஒரு நொடி யோசித்தேன், அதற்குள் அது உள்ளே போய்விட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. பிள்ளைகளைக் கண்டுபிடித்தால் குரைக்கிற குரல், சந்தோஷம் பொங்க.

"இன்னாம்மா, நாயி எதையோ பாத்துகினு கொலைக்குதே" என்றார் ஏட்டு.

"பன்னியா இருக்குங்க. மலையிலேர்ந்து எறங்கும்."

அவர் வரப்பில் ஏறி எட்டிப் பார்த்தார். நிதானமாகத் திரும்பி என்னிடம் கேட்டார். "பன்னியப் பாத்தா வால ஆட்டுமா?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "போ, சனியனே, போ." அவர் போகச் சொல்லச் சொல்ல அது இன்னும் உற்சாகமாகக் குரைத்தது. கரும்புச் சோகை கீறிய முகத்தோடு அவர் வெளியே வந்தபோது வாயோரம் பல்பொடி காய்ந்திருந்தது. நாய் அவரைச் சுற்றிக் குதித்துக்கொண்டு முன்னால் வந்து, என்னைப் பார்த்து நின்றது. கண்டுபிடித்தால் நான் அதற்கு வெல்லம் கொடுப்பது வழக்கம்.

இதுவரை நடந்தது சிரிப்பதற்கு. இதற்கு மேல் நடந்ததற்கு என்னால் இன்றைக்கும் சிரிக்க முடியாது. என் கணவர் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே மாமா தன்னை யாரும் அடிப்பதற்கு முன்னாலேயே, யாரும் அதட்டுவதற்கு முன்னாலேயே, நான் மரம் எதையும் வெட்டவில்லை, மோட்டார் கொட்டாயில் படுத்திருந்தேன் என்று அழுதிருக்கிறார். தம்பியைச் சாட்சி சொல்லச் சொன்னார். தம்பியும் சொன்னார். அப்புறம் யார் வெட்டியது என்று அவர்கள் கேட்கக்கூட இல்லையாம். மாமாவே சொன்னார், எங்கள் கழனியில் வேலை செய்தவரின் பெயரை. அடுத்த நாள் விடியற்காலையில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல வாரம் கடலூர் ஜெயிலில் அடைத்து வைத்திருந்தார்கள்.

மாமா அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வாரத்தில் கதை நன்றாகப் பழுத்துவிட்டது. போலீஸ் வந்தது, நானே எதிரில் போய் நின்றேன், என்னைக் கொண்டுபோங்கள் என்றேன் என்றார். ஒரு கூட்டத்தில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டோடு வீட்டுக்கு வந்தவர், கயிற்றை எடுத்துக்கொண்டு நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனார். மலைக்குப் போகிற டெம்போ ஒன்று தெருவில் நின்றிருந்தது.

"காட்டிக் குடுக்கிற நாயி. வூட்ல சோறு தின்னுட்டு வூட்டு ஆளயே காட்டிக் குடுத்துது. துரோகி நாயி" என்றார். "காட்ல கொண்டுபோயி வுட்டுட்டு வரச் சொல்றேன்."

நான் குறுக்கே போய் நின்றேன். நான் நிற்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்போது அக்கா வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அவள் புருஷனிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நாய்ய வண்டியில ஏத்துங்க. ஏத்திட்டு வாங்க. நான் டீக்கடைக்குப் போறேன்" என்றாள். "மோட்டார் கொட்டாயில யாரு படுத்துகினு இருந்தாங்க, ஸ்டேஷன்ல யாரு பேர யாரு சொன்னாங்க, எல்லாத்தையும் அங்க ஒக்காந்துகினு சொல்றேன். துரோகின்னா யாருன்னு அவங்களே சொல்லட்டும்."

மாமா கயிற்றைக் கீழே போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். டெம்போக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நாய் அக்காவின் கையிலிருந்த மாவை நக்கியது.

கடலூரிலிருந்து திரும்பி வந்தவரின் வீட்டுக்கு என் கணவர் போனார். அவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவர் அன்று போய், உன் பெயரைச் சொன்னது எங்கள் அண்ணன்தான் என்று அவரிடம் சொன்னார். "தெரியுங்க. அங்கயே சொல்ட்டாங்க" என்று மட்டும் அவர் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் எங்கள் கழனிக்கு வரவில்லை. தெருவில் மாமா எதிரில் வந்தால் நின்று ஒதுங்குவது போய், நேராக நடந்துபோனார். ஒதுங்கியவர் மாமாதான்.

அந்த அறுவடை முடிந்ததும் பாகம் பிரித்துக்கொண்டோம். ஏரிப் பக்கம் எங்களுக்கு வந்த நிலத்தில் கூரை போட்டுக் குடிபோனோம். நாயைப் பற்றி யாரும் பேசவில்லை, அது என் மகளோடு நடந்து வந்துவிட்டது. அங்கே இரண்டு ஈற்று போட்டது. அக்கா வாரத்தில் ஒருநாள் அதைப் பார்க்க வருவாள், அப்படிச் சொல்லிக்கொண்டு என்னிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

மாமா அதன் பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு பொமரேனியன் வாங்கினார். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், கோழி எதிரில் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதைத் தோளில் சாத்திக்கொண்டு டீக்கடைக்குப் போவார். யாராவது கேட்டால், பாத்தா இப்பிடித்தான் இருக்கும், வேட்டை நாய் கிராஸ் என்று சொல்லுவார். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள்.